தெரியாத ஓடுபாதையும் மின்கம்பியும்: வன்னியில் சிறிய விமானத்தோடு இறங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2009க்கு முன் வன்னியை விட்டுப் போனவர்களின் மனதில் இருக்கிற வன்னியில் மின்கம்பி கிடையாது. தொண்ணூறுகளிலிருந்து போர் முடியும்வரை ஜாம் போத்தல் விளக்கிலும் மண்ணெண்ணெய் மோட்டாரிலும் காலத்தை ஓட்டிய நிலம் அது. இன்று அதே நிலத்தின் மேலால் பறந்தால், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும் அங்கிருந்து சுன்னாகத்துக்கும் போகும் 132 கிலோவோல்ற் ரவர் வரிசை தெரியும். ஏ9 வீதியோரமும் கிளை வீதியோரமும் 33 கிலோவோல்ற் கம்பிகள். ஒழுங்கைக்கு ஒழுங்கை வீட்டுக் கரண்ட் கம்பிகள். வயல் நடுவில் நிற்கும் ஒரேயொரு கிணற்று மோட்டாருக்காக இழுத்த தனி லைன் வேறு. இவற்றில் பெரும்பகுதி போருக்குப் பிறகு வந்தவை. ஆகவே பழைய வரைபடத்தையோ பழைய ஞாபகத்தையோ நம்பி இங்கே தாழப் பறக்கக் கூடாது.

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமானத்தளத்தில் பறக்கப் பழகும் எங்கள் பிள்ளைகளையும், கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ தனியார் விமானி உரிமம் எடுத்துவிட்டு ஊர் வானத்தில் பறக்க ஆசைப்படுபவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன். ஓடுபாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சனத்துக்கான பகுதியும் உண்டு. விமானியோடு தொடர்பில்லாத வாசகர் அந்த ஒரு பகுதியையாவது படித்துவிடுங்கள். உயிர் காக்கும் விடயம் அது.

முதலில் ஒரு விளக்கம். வன்னியில் நினைத்த நேரம் போய் இறங்கக்கூடிய தனியார் ஓடுபாதை என்று எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். வவுனியாவிலும் இரணைமடுவிலும் உள்ள ஓடுபாதைகள் விமானப்படையின் பொறுப்பில் இருப்பவை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டு, விமானப்படையின் முன் அனுமதியோடுதான் அங்கே போகலாம். அனுமதி கிடைத்துவிட்டால் ஓடுபாதை பழகியதாகிவிடாது. அங்கே இறங்கும் முதல் தடவை அது உங்களுக்குப் புதிய இடம்தான். இயந்திரம் நின்று வயலிலோ வீதியிலோ இறங்க நேர்ந்தால், அந்த வயலும் நீங்கள் அறியாத ஓர் ஓடுபாதைதான்.

படி 1: கம்பி ஏன் கண்ணில் படாது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

33 கிலோவோல்ற் லைனில் ஓடும் அலுமினியக் கம்பியின் தடிப்பு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. ஒரு சென்ரிமீற்றர் பொருள் அந்த அளவு கோணத்தில் தெரிவது சுமார் 35 மீற்றர் தூரத்தில். 60 நொட்ஸ் வேகத்தில் இறங்கும் விமானம் ஒரு செக்கனில் 31 மீற்றர் போகும். கணக்கு உங்களுக்கே விளங்கும்: தெளிவாகக் கண்ட பின் மிஞ்சுவது ஒரு செக்கன். அந்த ஒரு செக்கனில் மூளை முடிவெடுத்து, கை இழுத்து, விமானம் எழும்பாது.

வெளிச்சமான வானத்தின் முன்னால் இருக்கும் கறுத்த கம்பி இதைவிடத் தூரத்திலேயே தெரியும் என்பது உண்மை. ஆனால் இறங்கி வரும் விமானி மேலிருந்து கீழே பார்க்கிறார். கம்பிக்குப் பின்னால் இருப்பது வானம் அல்ல, காடும் வடலியும் காய்ந்த புல்லும். பழைய அலுமினியக் கம்பி சாம்பல் நிறமாகிவிடும். வீடுகளுக்குப் போகும் புதிய கறுப்பு முறுக்குக் கேபிளோ மர நிழலோடு ஒன்றிப்போய்விடும். ஆவணி மாதத்து வெக்கையில் நிலமே ஆடும்போது, பின்னேரச் சூரியனை நேரே பார்த்தபடி மேற்கு நோக்கி இறங்கினால், கம்பி மட்டுமல்ல, போஸ்டே தெரியாது.

ஆகவே கம்பியைத் தேடாதீர்கள். போஸ்டைத் தேடுங்கள். போஸ்ட் தெரியாவிட்டால் கரண்ட் தேவைப்படும் இடத்தைத் தேடுங்கள். ஓட்டு வீடு, அரிசி ஆலை, பாடசாலை, கோயில், தண்ணீர்த் தாங்கி, தொலைபேசிக் கோபுரம், தோட்டக் கிணற்றுக் கொட்டில், இவை ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்தோ கம்பி வருகிறது. எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை அந்த இடத்துக்கும் வீதிக்கும் நடுவில் கம்பி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டுக்குள்ளால் கத்தரித்ததுபோல் நேராக ஒரு வெளி போனால் அது ரவர் லைனுக்காக வெட்டியதாக இருக்கலாம். ரவர்களின் உச்சியில், தடித்த கம்பிகளுக்கும் மேலே, இடி தாங்குவதற்காக ஒரு மெல்லிய கம்பி போகும். தடித்ததைக் கண்டு எழும்புபவர் மெல்லியதில் மாட்டிக்கொள்வார்.

படி 2: புறப்பட முன் தொலைபேசியை எடுங்கள்

வான் தகவல் வெளியீட்டில், அதாவது விமானிகளுக்கான அதிகாரபூர்வத் தகவல் நூலில், விமானத்தளங்களுக்கான பகுதியையும் தடைகள் பற்றிய பகுதியையும் பாருங்கள். விமானிகளுக்கு அவ்வப்போது விடப்படும் நோட்டாம் (NOTAM) அறிவித்தல்களைப் பாருங்கள். அவற்றில் வருவது உயரமான, முறைப்படி அறிவிக்கப்பட்ட தடைகள்தான். போன மாதம் ஒருவர் தன் மிளகாய்த் தோட்டத்துக்கு இழுத்த லைன் அங்கே இருக்காது. அதற்கு ஊராளைத்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அண்ணை, அங்க கம்பி கிம்பி ஏதும் இருக்கோ?" என்று கேட்டால், "அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி, நல்ல வெளி" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. தினமும் கீழே நடந்து போகும் மனிதனுக்குத் தலைக்கு மேலே போகும் கம்பி ஒரு பொருட்டே இல்லை. ஆகவே இப்படிக் கேளுங்கள்: "ஓடுபாதையின்ர ரெண்டு தொங்கலிலும் ஆர் ஆர் குடியிருக்கினம்? அவையளுக்கு லைட் எந்தப் பக்கத்தால வருது? கிட்டடியில இருக்கிற ட்ரான்ஸ்போமர் எங்க? அதிலயிருந்து லைன் எந்தப் பக்கம் பிரியுது? இந்த ஆறு மாசத்துக்குள்ள புதுப் போஸ்ட் நட்டவையோ?" இப்படிக் கேட்டால் அவர் மனதுக்குள் நடந்து பார்த்துவிட்டு, "ஓம் ஓம், வாய்க்கால் கரையால ஒண்டு போகுது" என்பார். அந்த "ஓம் ஓம்" வரும்வரை விடாதீர்கள்.

திருவிழாக் காலத்தையும் மறக்க வேண்டாம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கும் ஆவணியில் மடு மாதா பெருவிழாவுக்கும் சனம் கூடும் இடங்களைச் சுற்றித் தற்காலிகமாக லைன் இழுப்பார்கள், சோடனை கட்டுவார்கள். தைப்பொங்கலை ஒட்டிய நாள்களில் வடக்கில் பட்டம் ஏறும். பெரிய பட்டத்தின் கயிறு பலமானது, போஸ்ட் இல்லாதது, எந்த வரைபடத்திலும் வராதது.

செய்மதிப் படத்தையும் பாருங்கள். அதில் கம்பி தெரியாது. காலையிலோ மாலையிலோ எடுத்த படமானால் போஸ்டின் நிழல் தெரியும், ஒரே இடைவெளியில் விழும் நீளமான கோடுகளாக. படம் எடுத்த திகதியைப் பார்த்த பின்பே நம்புங்கள். கண்டதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து அதை முழங்காலில் கட்டிக்கொண்டு போங்கள்.

படி 3: கணக்கைத் தரையிலேயே போட்டுவிடுங்கள்

பலர் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இதுதான். நான் இங்கே நின்று நிதானமாக விளக்குகிறேன்.

ஓடுபாதைத் தொடக்கத்திலிருந்து 100 மீற்றர் முன்னால் ஒரு வீதி குறுக்கே போகிறது. வீதியோரத்தில் நிலத்துக்கு மேல் 9 மீற்றர் உயரத்தில் கம்பி. நீங்கள் பழகியபடி 3 பாகைச் சரிவில், ஓடுபாதைத் தொடக்கத்தைக் குறிவைத்து வருகிறீர்கள். அந்த வீதிக்கு மேலே உங்கள் உயரம் எவ்வளவு? சுமார் 5 மீற்றர். கம்பி 9 மீற்றரில். அதாவது உங்கள் பாடப்புத்தகச் சரிவு கம்பியின் ஊடாகவே போகிறது. 5 பாகைக்குச் செங்குத்தாக்கினாலும் உயரம் 9 மீற்றரை எட்டாது. கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஓடுபாதை அழகாக முன்னால் விரியும், விமானம் நேரே கம்பிக்குள் போகும்.

இப்போது திருப்பிப் போடுங்கள். கம்பிக்கு மேலே குறைந்தது 15 மீற்றர், அதாவது 50 அடி இடைவெளி வேண்டும் என்று முடிவெடுங்கள். கம்பியின் நடுப்பகுதி தொய்ந்திருக்கும், வெயில் ஏற ஏற இன்னும் தொய்யும். அந்தத் தொய்வை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள், போஸ்டின் உச்சியையே எடுங்கள். அப்படியானால் வீதிக்கு மேலே 24 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து 3 பாகையில் இறங்கினால் நிலத்தைத் தொடுவது வீதியிலிருந்து சுமார் 458 மீற்றர் தள்ளி, ஓடுபாதைக்குள்ளே 358 மீற்றரில். 5 பாகையில் இறங்கினால் ஓடுபாதைக்குள்ளே 174 மீற்றரில். ஓடுபாதை 700 மீற்றர் நீளம் என்று வையுங்கள். முதலாவதில் நிறுத்த மிஞ்சுவது 342 மீற்றர், மூக்கைத் தூக்கி மிதக்கும் தூரத்தைக் கழிக்க முன். இரண்டாவதில் 526 மீற்றர்.

செஸ்னா 172எஸ் என்ற நான்கு இருக்கைச் சிறிய விமானத்தின் கையேட்டில், 50 அடித் தடையைத் தாண்டி இறங்கி நிற்கத் தேவையான தூரம் கடல் மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில், 1335 அடி. ஏறக்குறைய 407 மீற்றர். அதில் தரையில் உருளும் பகுதி 575 அடி மட்டுமே. மிகுதியெல்லாம் தடையைத் தாண்டக் கொடுக்கும் விலை. அந்த எண் காய்ந்த, கடினமான ஓடுபாதைக்கும் கைதேர்ந்த விமானிக்கும் உரியது. புல்லுக்கும், பின்காற்றுக்கும், உங்கள் கைக்கும் மேலதிகமாகச் சேர்க்க வேண்டும். நான் பாதியளவு கூட்டுவேன். அப்படிக் கூட்டியும் போதாவிட்டால் அந்த ஓடுபாதை உங்களுக்கானது அல்ல. வேறு இடத்தில் இறங்கி வாகனத்தில் வாருங்கள்.

வெப்பத்தையும் பாருங்கள். வவுனியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடி உயரம். 33 பாகை மதியத்தில் அங்கே காற்றின் அடர்த்தி 2500 அடி மலையில் இருப்பதுபோல் மெலிந்திருக்கும். இறங்காமல் மேலே எழும்ப வேண்டி வந்தால், விமானம் நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக ஏறும்.

படி 4: மேலிருந்து பாருங்கள், அவசரப்பட்டுத் தாழ வேண்டாம்

போய்ச் சேர்ந்ததும் 1000 அடியில் ஓடுபாதையைச் சுற்றி முழு வட்டம் அடியுங்கள். பாதை ஒழுங்குகளும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அறிவுறுத்தலும் இடம் தந்தால் இரண்டு வட்டம். முதல் வட்டத்தில் ஓடுபாதையைப் பார்க்கவே வேண்டாம். இரு முனைகளுக்கும் அப்பால் ஒரு கிலோமீற்றர் வரை வீதிகளைப் பாருங்கள். வீதி இருந்தால் கம்பி இருக்கும். போஸ்ட் வரிசையைக் கண்டதும் அதன் இரு பக்கமும் கண்ணால் பின்தொடருங்கள், எங்கே திரும்புகிறது, எங்கே கிளை விடுகிறது என்று. வளைவில் நிற்கும் போஸ்டுக்கும் வரிசை முடியும் போஸ்டுக்கும், அது சாயாதபடி நிலத்தோடு இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கம்பி கட்டியிருப்பார்கள். ஒரு போஸ்டில் இழுவைக் கம்பி கண்டால் அதற்கு எதிர்ப்பக்கமாக லைன் இழுக்கிறது என்று அர்த்தம்.

சில பயிற்சி நூல்களில் அடுத்த கட்டமாக ஓடுபாதையோரம் மிகத் தாழப் பறந்து பார்க்கும்படி இருக்கும். நான் அதை இங்கே பரிந்துரைக்க மாட்டேன். எங்கே கம்பி இருக்கிறது என்று தெரியாமல் தாழப் பறப்பதுதான் நாம் தவிர்க்க முயலும் விபத்து. 500 அடியில், ஓடுபாதை உங்கள் இடது யன்னலில் தெரியுமாறு சற்று விலகிப் பறந்தாலே போதியளவு தெரியும். அதிலிருந்தும் தெளிவில்லையென்றால் அதுவே போதுமான பதில்.

பக்கத்தில் ஆளிருந்தால் வேலை கொடுங்கள். மாமாவோ மச்சானோ, விமானம் பற்றி எதுவும் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. "போஸ்ட் கண்டா உடன சொல்லுங்கோ, பிழையெண்டாலும் பரவாயில்லை" என்று ஏற முன்பே சொல்லி வையுங்கள்.

படி 5: இறங்கும்போது கம்பியை வாயால் சொல்லுங்கள்

அவுஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம், பயிருக்கு மருந்தடிக்கும் விமானங்கள் கம்பியில் மோதியவற்றை ஆராய்ந்தது. மோதிய விமானிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் கம்பி அங்கே இருப்பது முன்பே தெரியும். எனக்கு இந்த விடயத்தில் மனதைத் தைப்பது இதுதான். தெரிந்து வைத்திருப்பது போதவில்லை. காற்று தள்ளும்போது, ரேடியோ பேசும்போது, ஓடுபாதையில் மாடு நிற்கும்போது, தெரிந்த கம்பி மனதிலிருந்து நழுவிவிடுகிறது.

அதனால் கம்பியை ஓர் எண்ணாக மாற்றுங்கள். "அந்த வீதியைத் தாண்டும்வரை நிலத்திலிருந்து 80 அடிக்குக் கீழே போக மாட்டேன்." மேலே போட்ட கணக்கின் 24 மீற்றர்தான் இது. ஓடுபாதையின் உயரத்தைக் கூட்டி உயரமானியில் வர வேண்டிய எண்ணாகத் தாளில் எழுதுங்கள். கடைசித் திருப்பம் முடிந்து நேராக வந்ததும் உரத்துச் சொல்லுங்கள்: "முன்னால் கம்பி." தாண்டியதும், "கம்பி பின்னால்." அந்த இரண்டாவது வசனம் வராமல் கீழே போகக் கூடாது.

குறிவைக்கும் புள்ளி ஓடுபாதையின் தொடக்கமாக இருக்க வேண்டாம். கணக்கில் வந்த இடத்தையே குறிவையுங்கள், அங்கே நிற்கும் ஒரு பற்றையோ மண் நிறமோ அடையாளமாகட்டும். கம்பியைத் தாண்டுவதானால் போஸ்டுக்கு மேலால் தாண்டுங்கள். உயரம் எவ்வளவென்று கண்ணால் உறுதிசெய்யக்கூடிய ஒரே இடம் அது.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும். மரவரிசைக்குப் பின்னால் வரும்போது காற்று திடீரென்று விழும், விமானமும் விழும். பனை 20, 25 மீற்றர் உயரத்துக்கு வளரும், கம்பி அதன் பின்னால் மறைந்திருக்கும். பனையைத் தாண்டிய நிம்மதியில் கீழே அமிழ்பவர் அந்தக் கம்பியைத்தான் சந்திக்கிறார். 300 அடியில் வேகமோ சரிவோ திசையோ சரியில்லையென்றால் மீள எழும்புங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: கடைசி நொடியில் கண்டுவிட்டால்

முழுச் சக்தி. இறக்கைகள் சமநிலை. மூக்கை ஏறக்கூடிய அளவுக்கு உயர்த்துங்கள், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். பதறி இழுத்தால் இறக்கை தூக்குவிசையை இழக்கும், அந்த உயரத்தில் அதிலிருந்து மீள இடமில்லை. கூர்மையாகத் திருப்பவும் வேண்டாம். சாய்ந்த இறக்கையின் நுனிதான் கம்பியில் முதலில் மாட்டும்.

மோதியும் விமானம் பறந்துகொண்டிருந்தால், பறக்க வையுங்கள். என்ன சேதம் என்று திரும்பிப் பார்ப்பதும் ரேடியோவில் சொல்வதும் பிறகு. மெதுவாக, சிறு அசைவுகளால் கட்டுப்பாடுகளைச் சோதித்து, நீளமான ஓடுபாதையைத் தேடி, வழமையைவிடச் சற்று வேகமாக இறங்குங்கள்.

படி 7: இயந்திரம் நின்று வயலில் இறங்க நேர்ந்தால்

வன்னி தட்டையான நிலம், வயலுக்குக் குறைவில்லை. காலபோகம் விதைத்த பின் மார்கழி, தையில் வயல் சேறும் தண்ணீரும், சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். அறுவடை முடிந்த பங்குனியில் அதே வயல் நல்ல இடம். வரம்புக்குச் சமாந்தரமாக இறங்குங்கள்.

கம்பிக்கு ஒரு சுலபமான விதி இருக்கிறது. பெரும்பாலான லைன்கள் வீதியோடு அல்லது வாய்க்கால் கரையோடு போகும். ஆகவே வீதிக்குச் சமாந்தரமாக, அதிலிருந்து எட்ட இறங்கினால் கம்பியைக் குறுக்கே சந்திக்கும் வாய்ப்புக் குறையும். வீதியைக் கடந்து வயலுக்குள் போகும் பாதையைத் தெரிவு செய்யாதீர்கள். ஏ9 வீதியிலேயே இறங்கலாமே என்று தோன்றும். சந்திகளிலும் கடைத்தெருவிலும் கம்பி வீதிக்குக் குறுக்கே போகிறது, வாகனமும் ஓயாது. வேறு வழியேயில்லாதபோது மட்டும், சந்திகளுக்கு நடுவில் வீடில்லாத காட்டுத்துண்டில். காட்டோரக் கிராமங்களில் வயலைச் சுற்றி யானை வேலியும் இருக்கும். ஆளுயரக் கம்பிதான், ஆனால் உருண்டு போகும் சக்கரத்தைப் பிடிக்கப் போதும்.

படி 8: மோதி விழுந்த பிறகு, உள்ளே இருப்பவருக்கும் ஓடி வருபவருக்கும்

எங்கள் சனம் விபத்தென்றால் ஓடிவரும். அந்த நல்ல மனம்தான் இங்கே ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே ஊரிலுள்ள எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

விழுந்த கம்பியில் கரண்ட் இல்லையென்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. பொறி பறக்காவிட்டாலும், சத்தம் வராவிட்டாலும் கரண்ட் இருக்கலாம். நின்றுபோன லைன் சில செக்கன்களில் தானாக மீண்டும் உயிர் பெறவும் கூடும், தற்காலிகக் கோளாறு என்று எண்ணி மீளிணைக்கும் கருவிகள் லைன்களில் இருக்கின்றன. விமானத்துக்கும் கம்பிக்கும் குறைந்தது 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள். ஈரமான வயலானால் இன்னும் தள்ளி. தடியால் கம்பியைத் தட்டிவிட முயல வேண்டாம், காய்ந்த பொல்லும் 33 கிலோவோல்ற்றுக்குப் பாதுகாப்பல்ல. மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்து, ட்ரான்ஸ்போமரிலோ போஸ்டிலோ எழுதியிருக்கும் இலக்கத்தைச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். காயமானவர்களுக்கு 1990, பொலிசுக்கு 119. மின்சார சபை ஆள்கள் வந்து நிறுத்தியாயிற்று என்று சொன்ன பின்பே கிட்டப் போகலாம்.

உள்ளே இருப்பவர்கள் தீ இல்லையென்றால் உள்ளேயே இருக்க வேண்டும். எரிபொருளை அடைத்து, சுவிச்சுகளை நிறுத்தி, வெளியே நிற்பவர்களைக் கிட்ட வரவேண்டாம் என்று கத்துங்கள். தீப்பிடித்தால் வெளியேறித்தான் ஆக வேண்டும். அப்போது விமானத்தையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதியுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நிலத்தில் வைப்பதுதான் மரணம். குதித்த பின்னும் ஓட வேண்டாம். நிலத்தில் கரண்ட் பரவியிருந்தால் அகல வைக்கும் இரு கால்களுக்கும் நடுவே மின்னழுத்த வித்தியாசம் உண்டாகும். கால்கள் ஒட்டியபடியே சிறு சிறு துள்ளலாக, அல்லது பாதத்தை நிலத்திலிருந்து எடுக்காமல் அரைத்து அரைத்து, 10 மீற்றருக்கு மேல் போங்கள்.

படி 9: திரும்ப எழும்ப முன்

நல்லபடியாக இறங்கிவிட்டால், அடுத்த வேலை ஓடுபாதையின் மற்றத் தொங்கலுக்கு நடந்து போவது. இறங்கும்போது உங்களுக்குப் பின்னால் போன கம்பியோ, பார்க்காமலே விட்ட கம்பியோ, எழும்பும்போது முன்னால் நிற்கலாம். போஸ்டுக்குக் கீழே நின்று உயரத்தைக் கணியுங்கள், ஓடுபாதை முனையிலிருந்து அடி வைத்துத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். எழும்பும் கணக்கையும் தரையிலேயே போடுங்கள். முடியுமானால் காலைக் குளிரில் புறப்படுங்கள்.

அடிக்கடி விமானம் வரும் இடமென்றால், கம்பியில் அடையாள உருண்டைகள் போடும்படி ஓடுபாதைக்குப் பொறுப்பானவர்கள் ஊடாக மின்சார சபையிடம் எழுத்தில் கேளுங்கள். சர்வதேசத் தரத்தின்படி அவை குறைந்தது 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ளவை. வெள்ளையும் சிவப்பும், அல்லது வெள்ளையும் செம்மஞ்சளும் மாறி மாறி, 60 சென்ரிமீற்றர் உருண்டையானால் 30 மீற்றருக்கு ஒன்று வர வேண்டும். நீங்களாகத் துணியோ போத்தலோ கட்ட ஏறாதீர்கள். உங்களுக்குப் பிறகு அங்கே வரப்போகும் விமானிக்கு, முழங்காலில் கட்டியிருந்த அந்தத் தாளைத் திருத்தி, திகதியிட்டுக் கொடுத்துவிடுங்கள்.